சாவி சுவிட்சா, பேட்டரியா, செல்ஃப் மோட்டாரா? காசு செலவழிக்கும் முன் நீங்களே சோதித்துப் பார்க்க

ரங்கூன் பக்கத்தில், சிரியம் பாலத்தின் ஏற்றத்தில் மருமகனின் வண்டி நின்றது. வெள்ளிக்கிழமை காலை, பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின் சீட்டில் அக்காவும் ஒரு கூடை எலுமிச்சம்பழமும். மீட்டர் முட்கள் எல்லாம் ஒரே நொடியில் படுத்துவிட்டன, ஸ்டியரிங் கல்லாக இறுகியது, பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. மருமகன் பதற்றத்தில் சாவியைப் பிடித்து ஆட்டினார். முட்கள் எழுந்தன. மறுபடி ஸ்டார்ட் போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது.

"பேட்டரி மாத்தியாச்சு மாமா, செல்ஃப் மோட்டாரும் மாத்தியாச்சு. இன்னும் எதைத்தான் மாத்துறது?" என்றார்.

எதையும் மாற்ற வேண்டாம், முதலில் அளந்து பார்ப்போம் என்றேன். கோயிலிலிருந்து திரும்பியதும் தாமுவேயில் வீட்டு வாசலில் வைத்து அளந்தோம். அன்று செய்ததையும், இத்தனை வருடம் பழைய ஜப்பான் வண்டிகளோடு மல்லுக்கட்டிக் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன். ரங்கூனில் ஓடுபவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து இறங்கிய பழைய வண்டிகள் என்பதால், டொயோட்டாவில் வரும் டெர்மினல் (ஒயர் சேரும் முனை) பெயர்களையே சொல்கிறேன். மற்ற கம்பெனி வண்டிகளில் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

சாவி போடும் இடத்தில் இருப்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு

சாவி நுழையும் பித்தளை உருளைதான் லாக் சிலிண்டர். அது வெறும் பூட்டு. அதன் பின்பக்கத்தில், பெரும்பாலும் இரண்டு சின்ன ஸ்க்ரூவில், ஒரு பிளாஸ்டிக் டப்பா ஒட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் ஓடும் இக்னிஷன் சுவிட்ச் அதுதான். சாவியைத் திருப்பினால் சிலிண்டர் அந்தப் பிளாஸ்டிக்கின் நடுவிலுள்ள பள்ளத்தைத் திருப்புகிறது, உள்ளே செப்புத் தகடுகள் ஒன்றோடொன்று உரசிச் சேர்கின்றன. பூட்டு தேய்ந்தால் ஒரு விதக் கோளாறு, தகடு கருகினால் வேறு விதக் கோளாறு. கடைக்காரர் இரண்டையும் சேர்த்து முழு செட்டாக விற்கத்தான் பார்ப்பார்.

டொயோட்டாவில் பேட்டரி மின்சாரம் ஏஎம்1, ஏஎம்2 என்ற இரண்டு வழியாக சுவிட்சுக்குள் வருகிறது. வெளியே போகும் வழிகள் நான்கைந்து. ரேடியோ, சிகரெட் லைட்டருக்கு ஏசிசி. வைப்பர், ஏசி காற்றாடி போன்றவற்றுக்கு ஐஜி1. என்ஜினுக்கு நெருப்பும் பெட்ரோலும் தரும் சாமான்களுக்கு ஐஜி2. மீட்டர் சில வண்டிகளில் ஐஜி1-ல் இருக்கும், மருமகன் வண்டிபோல சிலவற்றில் ஐஜி2-ல். செல்ஃப் ரிலேவுக்கு, அதாவது சின்ன மின்சாரத்தை வாங்கி செல்ஃபுக்குப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் டப்பாவுக்கு, எஸ்டி2. சில வண்டிகளில் எஸ்டி1 என்று இன்னொன்றும் உண்டு. எது எதற்குப் போகிறது என்பது மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், ஆனால் படம் இதுதான்.

ஹெட்லைட்டும் ஹாரனும் பெரும்பாலான ஜப்பான் வண்டிகளில் இந்த சுவிட்ச் வழியாகப் போவதில்லை. ஹாரன் கணீரென்று அடிக்கிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, சாவியைப் போட்டால் மட்டும் டேஷ்போர்டு செத்துக் கிடக்கிறது என்றால் பேட்டரியைத் திட்டுவதை நிறுத்திவிட்டுச் சாவிப் பக்கம் வரலாம்.

எந்த அறிகுறி எங்கே காட்டுகிறது

ஸ்டார்ட்டில் என்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைந்துபோகிறது: இதைவிடத் தெளிவாக ஒரு சுவிட்ச் தன் கோளாறைச் சொல்லாது. ஸ்டார்ட் நிலையில் ஐஜி2-க்கு மின்சாரம் போகிறது, ஆன் நிலைக்குத் திரும்பியதும் அறுந்துவிடுகிறது. பள்ளத்தில் விழுந்தாலோ சாவிக்கொத்து ஆடினாலோ எல்லா முட்களும் ஒன்றாகப் படுத்தால் அதுவும் இந்தக் குடும்பம்தான். என்ஜின் மட்டும் நின்று மீட்டர் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தால், பெட்ரோல் பம்பு, சென்சார் என்று வேறு இடத்திலும் தேட வேண்டும்.

டேஷ்போர்டு விளக்கு ஒழுங்காக எரிந்து, ஸ்டார்ட்டில் ஒரு சத்தமும் இல்லை என்றால் அவசரப்படாதீர்கள். ஆட்டோ கியர் வண்டியில் கியர் நிலையைப் பார்க்கும் சுவிட்ச் கெட்டாலும் இதே மௌனம்தான். கியரை நியூட்ரலில் வைத்து ஒரு முறை முயன்று பாருங்கள். பார்க்கில் எடுக்காதது நியூட்ரலில் எடுத்தால், சாவி சுவிட்ச் நிரபராதி. கை கியர் வண்டிகள் சிலவற்றில் கிளட்ச் பெடலுக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

ஆபத்தானது ஒன்று உண்டு. என்ஜின் பிடித்த பிறகும் செல்ஃப் மோட்டார் 'கர்ர்' என்று சுற்றிக்கொண்டே இருப்பது. சுவிட்சின் ஸ்பிரிங் திரும்பாமல் மாட்டியிருக்கலாம், ரிலேயும் ஒட்டியிருக்கலாம். யோசித்துக்கொண்டு நிற்காமல் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். சில நிமிடத்தில் மோட்டார் கருகிவிடும்.

என்னென்ன வேண்டும்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 எம்எம் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், இரண்டு தையல் ஊசி, பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பில் இரண்டு ஒயரை ஒட்டிய ஒரு டெஸ்ட் விளக்கு. அப்புறம், சாவியைத் திருப்ப ஓர் ஆள். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயர் வோல்ட் துளையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 10 ஆம்பியர் துளையில் மறந்து விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போனால் நேரடி ஷார்ட். என்னிடமிருந்த முதல் மீட்டர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வையுங்கள். 1970 டிசம்பரில் பர்மாவில் எல்லோரையும் சாலையின் வலப்பக்கம் ஓட்டச் சொன்னார்கள். ஜப்பான் வண்டிகளின் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முந்திப்போகும்போது எரிச்சலூட்டும் இந்தப் பொருத்தம், இந்த வேலைக்கு மட்டும் சௌகரியம். ஓட்டுநர் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கால்களை நடைபாதையில் நீட்டி, ஸ்டியரிங்குக்கு அடியில் நிம்மதியாகத் தலையை நுழைக்கலாம்.

மூடியைத் திறக்கும் முன்

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் 12.6 வோல்ட் வந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பேசலாம். ஆள் சாவியைத் திருப்ப, செல்ஃப் சுற்றும்போது மீட்டர் 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. நம் ஊர் வெயிலில் நல்ல பேட்டரி 10-க்கு மேலேயே நிற்கும்.

அடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும் இன்னொன்றை அதன்மேல் மாட்டிய கிளாம்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் கிளாம்பைச் சுரண்டி இறுக்குங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். எர்த் ஒயருக்கும் இதே சோதனைதான்: பேட்டரி மைனஸில் ஒன்று, என்ஜின் இரும்பில் ஒன்று.

பிறகு ஃபியூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கப் படத்தில் ஏஎம்1, ஏஎம்2 என்று எழுதிய ஃபியூஸ்களைத் தேடுங்கள். பிடுங்கிப் பார்ப்பதைவிட அளப்பது மேல். சின்ன ஃபியூஸின் தலையில் இரண்டு பக்கமும் ஊசி நுழையும் அளவுக்கு உலோகம் தெரியும். இரண்டிலும் பேட்டரி வோல்ட் வந்தால் ஃபியூஸ் நல்லது, ஒன்றில் மட்டும் வந்தால் போய்விட்டது.

கடைசியாக, செல்ஃப் ரிலேயின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் போடச் சொல்லுங்கள். 'டக்' என்று விரலில் தட்டினால் சாவி சுவிட்சின் ஸ்டார்ட் வேலை நடக்கிறது, ரிலேக்கு அப்பால் தேடுங்கள். ஒன்றும் தட்டவில்லை என்றால் ஸ்டியரிங்குக்கு அடியில் போக வேண்டியதுதான்.

ஸ்டியரிங்குக்கு அடியில்

மூடியைக் கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிட்டு 90 வினாடி பொறுங்கள். ஏர்பேக்கின் உள்ளே சேமித்திருக்கும் மின்சாரம் வடிய டொயோட்டா தன் கையேடுகளில் சொல்லும் நேரம் அது. மஞ்சள் நிறக் கனெக்டர் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், ஊசி குத்தாதீர்கள், டெஸ்ட் விளக்கும் வைக்காதீர்கள். அவை ஏர்பேக்குக்குப் போகின்றன.

ஸ்டியரிங் தண்டின் கீழ் மூடியில் பொதுவாக மூன்று ஸ்க்ரூ. இரண்டு கண்ணில் படாது. சாவியை ஏசிசியில் (லாக்குக்கு அடுத்த நிலை) வைத்து ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, சக்கரத்தை இடப்பக்கம் கால் சுற்று திருப்பினால் ஒன்று எட்டிப் பார்க்கும், வலப்பக்கம் திருப்பினால் இன்னொன்று. இது தெரியாமல் மூடியை இழுத்து உடைத்தவர்கள் ஏராளம்.

மூடி இறங்கியதும் கண்ணையும் மூக்கையும் பயன்படுத்துங்கள். மருமகனின் வண்டியில் கனெக்டரின் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரே ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் டீக்கறை போலப் பழுப்பு நிறம் ஏறியிருந்தது. அந்த ஒயரின் தோல் விறைத்து, விரலால் வளைத்தால் நொறுங்கும் போல இருந்தது. முகர்ந்தால் கருகிய வாடை. ரங்கூனில் வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்க்கிறது. கண்ணாடி ரப்பர் ஒழுகும் வண்டிகளில் இந்த இடத்தில் பச்சைக் களிம்பும் பார்க்கலாம். ஹாரன், பாட்டு, கலர் விளக்கு என்று முந்தைய சொந்தக்காரர் இங்கே ஒயரைக் கிள்ளி டேப் சுற்றி இணைப்பு எடுத்திருந்தால், முதல் சந்தேகம் அந்த டேப்புக்குள்தான்.

சரி, இனி பேட்டரியை மறுபடி மாட்டுங்கள். கனெக்டர் சுவிட்சில் மாட்டியபடியே இருக்கட்டும். ஒயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து, ஒயரை ஒட்டியே தையல் ஊசியை உள்ளே தள்ளினால் டெர்மினலைத் தொடும். ஒயரின் தோலைக் குத்தாதீர்கள். குத்திய ஓட்டை வழியே ஈரம் ஏறி, இரண்டு மழைக்காலத்தில் செம்பு பொடியாகிவிடும். ஊசிகள் ஒன்றையொன்று தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரின் கறுப்பு ஒயரை நல்ல எர்த்தில், அதாவது வண்டியின் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பில் வையுங்கள். சாவியே போடாதபோது ஏஎம்1, ஏஎம்2 இரண்டிலும் பேட்டரி வோல்ட் இருக்க வேண்டும். இல்லை என்றால் சுவிட்சைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்குத் தண்ணீரே வரவில்லை, குழாயைத் தேடுங்கள். வருகிறது என்றால் சாவியை ஒவ்வொரு நிலையாகத் திருப்புங்கள். ஏசிசியில் ஏசிசி டெர்மினல் மட்டும் உயிர்பெறும். ஆனில் ஏசிசி, ஐஜி1, ஐஜி2 மூன்றும். ஸ்டார்ட்டில் ஐஜி2-வும் எஸ்டி2-வும் இருந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் ஏசிசி செத்துப்போகும், ரேடியோ அணையும். அது கோளாறு அல்ல, பேட்டரியின் பலம் முழுவதும் செல்ஃபுக்குப் போக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஐஜி1 மட்டும் ஸ்டார்ட்டில் மாடலுக்கு மாடல் வேறுபடும்.

ஒவ்வொரு நிலையிலும் சாவியை மேலும் கீழும், பக்கவாட்டிலும் லேசாக ஆட்டிப் பாருங்கள். லூஸ் காண்டாக்ட் இருந்தால் எண் துள்ளும்.

பீப் சத்தத்தை நம்பாதீர்கள்

மருமகன் வண்டியில் மேலே சொன்ன சோதனை எல்லாவற்றிலும் 12 வோல்ட் வந்தது. ஏற்கெனவே பட்டறையில் சயாவும் (மேஸ்திரியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) சுவிட்சைக் கழற்றி மீட்டரில் பீப் வைத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பி மாட்டியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மீட்டர்தான் பாதி உண்மை சொன்னது.

பீப் சோதனையில் மீட்டர் அனுப்பும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கருகிய தகட்டில் ஒரு மயிரிழை அளவு செம்பு மிச்சமிருந்தாலும் அது போய்விடும், பீப் அடிக்கும். நிஜத்தில் அந்த வழியே பத்து ஆம்பியர் போக வேண்டியிருக்கும். அப்போதுதான் மயிரிழை திணறும். ஆகவே சுமை ஏற்றித்தான் அளக்க வேண்டும்.

சாவியை ஆனில் வைத்து வைப்பரைப் போடுங்கள், ஏசி காற்றாடியை முழு வேகத்தில் வையுங்கள். இப்போது கறுப்பு ஒயரை எர்த்திலிருந்து எடுத்துவிடுங்கள். சிவப்பு ஏஎம்1-ல், கறுப்பு ஐஜி1-ல். மீட்டர் காட்டுவது சுவிட்சுக்குள்ளேயே தொலைந்துபோகும் வோல்ட். 0.2-க்குள் இருந்தால் சுவிட்ச் ஆரோக்கியம். 0.5-ஐத் தாண்டினால் அதன் காலம் முடிந்தது. முழு 12-ம் காட்டினால் அந்த வழி சுத்தமாக அறுந்திருக்கிறது. அடுத்து என்ஜினை ஓடவிட்டு ஏஎம்2-க்கும் ஐஜி2-க்கும் இடையே இதேபோல அளங்கள். கடைசியாக செல்ஃப் அடிக்கும்போது ஏஎம்2-க்கும் எஸ்டி2-க்கும்.

மருமகன் வண்டியில் ஐஜி1-ல் 0.15. ஐஜி2-ல் என்ஜின் ஓடும்போது 0.9, சாவியைக் கீழ்ப்பக்கம் ஒரு நெல்லளவு அழுத்தியதும் 3-க்கு மேலே தாவியது, என்ஜின் இருமியது. "இதுதான் மாமா பாலத்துல பண்ண மாதிரி!" என்று மருமகன் குதித்தார். கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: 10 ஆம்பியர் போகும் இடத்தில் 0.9 வோல்ட் தொலைந்தால் 9 வாட் சூடு. ஒரு சின்ன பல்பை அந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் எரியவிடுவது போல. பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

வண்டி ஒரேயடியாகச் செத்து, ஓடவிட்டு அளக்க வழியில்லை என்றால் 21 வாட் டெஸ்ட் விளக்கை வெளியேறும் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையே வையுங்கள். ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் நல்லது, மங்கினாலோ மினுங்கினாலோ சுவிட்ச் கெட்டது. விளக்கைச் சாவி சுவிட்சின் டெர்மினலில் மட்டும் வையுங்கள், கம்ப்யூட்டர் ஒயர்களில் வேண்டாம்.

பூட்டா, சுவிட்சா

அளவு எல்லாம் சரியாக வந்து, சாவி மட்டும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் வேலை செய்கிறது என்றால் பூட்டைச் சந்தேகியுங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றி, பின்னால் உள்ள இரண்டு ஸ்க்ரூவை எடுத்து சுவிட்சை மட்டும் வெளியே இழுங்கள், கனெக்டரைப் பிரிக்க வேண்டாம். மைனஸை மாட்டி, சுவிட்சின் நடுப் பள்ளத்தில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்புங்கள். சாவியும் துளையிலேயே இருக்கட்டும், இம்மொபிலைசர் (சரியான சாவியின் சிப் இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) உள்ள வண்டிகள் அதைத் தேடும். இப்படித் திருப்பும்போது எல்லாம் ஒழுங்காக நடந்தால் தேய்ந்தது சிலிண்டரோ சாவியோதான். இரண்டாவது சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், சில சமயம் அதோடு வேலை முடிந்துவிடும்.

மாற்றும்போது

தகட்டைச் சுரண்டி, ஸ்ப்ரே அடித்து மூடுவதும் உண்டு. ஒரு மாதம் ஓடும். பிறகு அடுத்த பாலத்தில் நிற்கும். சுவிட்ச் மட்டும் தனியாகக் கிடைக்கும்போது ஏன் அந்த வேலை?

பழைய உதிரிபாகக் கடையில் வாங்கினால் உங்கள் சுவிட்சைக் கையோடு கொண்டுபோய் முள் (டெர்மினல் பின்) எண்ணிக்கை, ஸ்க்ரூ துளை, நடுப் பள்ளத்தின் வடிவம் மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். கடையிலேயே மீட்டரை வைத்து ஒவ்வொரு நிலையிலும் ஓம் அளங்கள். மீட்டர் ஒயர் இரண்டையும் ஒட்டவைத்தால் வரும் எண்ணைக் கழித்தபின் 1 ஓமுக்குள் வர வேண்டும். அதற்கு மேல் காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுக்கலாம். சரியாகக் காட்டினாலும் முழுதாக நம்பாமல், மாட்டியபின் சுமை ஏற்றி ஒரு முறை அளந்துவிடுங்கள். கனெக்டரில் பழுப்பேறிய முள்ளையும் மாற்ற வேண்டும். கருகிய முள்ளில் புது சுவிட்சை மாட்டினால் அதுவும் கருகும்.

சாவியைப் பிடுங்கிவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பட்டன் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபியூஸ் இல்லாமல் முறுக்கிய ஒயர் தீப்பிடிக்கும்.

சாவிக்கொத்து என்று ஒன்று இருக்கிறதே

மருமகன் தன் வண்டிச் சாவியோடு கடை ஷட்டர் சாவிகள் நான்கு, வீட்டுச் சாவி, பித்தளை வேல் ஒன்று, பாட்டில் ஓப்பனர் ஒன்று என்று தொங்கவிட்டிருந்தார். குலுங்கும்போதெல்லாம் அந்த எடை சுவிட்சை ஒரே பக்கம் இழுக்கும். இது பெரியவர்களின் மூடநம்பிக்கை அல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் சுமார் 26 லட்சம் சின்ன கார்களை இதற்காகவே திரும்ப அழைத்தது. சுவிட்சின் பிடிமானம் தேவையைவிடக் குறைவாக இருந்ததால், கனமான சாவிக்கொத்தின் இழுப்பிலோ ஒரு குலுக்கலிலோ சாவி ஆனிலிருந்து ஏசிசிக்கு நழுவியது. என்ஜின் நின்றது, மோதியபோது ஏர்பேக்கும் விரியவில்லை. இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்குப் பணம் கொடுத்தது.

ஓடும்போது வண்டி இப்படி நின்றால் சாவியை லாக்குக்குத் திருப்பாதீர்கள், பிடுங்கவும் செய்யாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்கில் ஓரிரு அழுத்தலுக்குத்தான் பெடலை லேசாக்கும் பூஸ்டரின் உதவி மிச்சமிருக்கும். அதனால் விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே அழுத்தாகப் பிடித்து ஓரம் கட்டுங்கள்.

புது சுவிட்ச் மாட்டி, என்ஜினை ஓடவிட்டு அளந்தபோது ஐஜி2-ல் 0.06. சாவியை எந்தப் பக்கம் அழுத்தியும் எண் அசையவில்லை. பழைய சுவிட்சைப் பிளந்து பார்த்தோம். ஒரு தகட்டின் முனை அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகக் கறுத்திருந்தது. மருமகன் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தைப் பிரித்து, வண்டிச் சாவியில் அந்தப் பித்தளை வேல் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, ஷட்டர் சாவிகளைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டார். அந்த வேலும் வேண்டாம் என்று சொல்லலாம்தான். அக்கா பக்கத்தில் நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை.